திரும்பச் சொல்லுங்க, ஓவர்

"கன்ட்ரோல், கன்ட்ரோல், இது இழுவை இரண்டு. என் குரல் கேக்குதா? ஓவர்."

இழுவைப் படகின் கேப்டன் மைக்கின் பக்கவாட்டுப் பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தார். அழுத்தினால்தான் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம்.

"நல்லா கேக்குது. ஓவர்," என்றது அவர் மனைவியின் குரல். அவ்வளவுதான்.

துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து படகுகளுக்கு வழி சொல்வது அவள் வேலை. முந்தாநாளிலிருந்து வீட்டில் அவள் அவரோடு பேசுவதில்லை. ஆனால் ரேடியோவில் கூப்பிட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும், அது விதி. காலையிலிருந்து கேப்டன் அந்த விதியை நம்பித்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்.

தப்பு அவர் மேல்தான். அவள் தன் தங்கை வீட்டு விஷயத்தை ஆற அமரச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ரேடியோவில் பேச்சை முடித்துக்கொள்ளும் பழக்கதோஷத்தில், "புரிஞ்சுது. ஓவர் அண்ட் அவுட்," என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துவிட்டார்.

'நல்லா கேக்குது' யானைப் பசிக்குச் சோளப்பொரி. சரியாகக் கேட்காவிட்டால் அல்லவா நாலு வார்த்தை கூடப் பேசுவாள்? கேப்டன் பவர் பொத்தானைத் தட்டி, இருபத்தைந்து வாட்டை ஒரு வாட்டாகக் குறைத்தார்.

"கன்ட்ரோல், இப்ப கேக்குதா? ஓவர்."

"விட்டு விட்டுக் கேக்குது. திரும்பச் சொல்லுங்க. ஓவர்."

ஆகா! அந்தச் சந்தோஷத்தில், தொண்டையில் நின்றிருந்ததைச் சொல்லியே விட்டார்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசினது தப்பு. மன்னிச்சிடும்மா. ஓவர்."

"கேக்கல. திரும்பச் சொல்லுங்க. ஓவர்."

அடடா, நாமே கெடுத்தோமே! பவரை முழுதாக ஏற்றினார். "மன்னிச்சிடும்மா! ஓவர்!"

"ஒரே இரைச்சல். திரும்பச் சொல்லுங்க. ஓவர்."

இரைச்சலை அடக்கும் குமிழைத் திருகினார். கொஞ்சம் அதிகமாகவே திருகிவிட்டார். ரேடியோ மூச்சுக் காட்டவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். அவள் கேட்டாளா, பதில் சொன்னாளா, ஒன்றும் தெரியவில்லை. பொத்தானை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, "உன் தங்கச்சி கதைய முதல்லேருந்து கேக்கறேம்மா! மன்னிச்சிடு!" என்று கத்தினார்.

குமிழைத் தளர்த்தியதும் ஒரு மீன்பிடிப் படகுக்காரரின் குரல் வந்தது.

"கேப்டன், எங்களுக்கு எல்லாமே கேட்டுது. அக்கா, பாவம்க்கா, மன்னிச்சிடுங்க. ஓவர்."

"நடுவுல யாரு? இழுவை இரண்டு மட்டும் பேசட்டும். திரும்பச் சொல்லுங்க. ஓவர்."

கேப்டன் மைக்கை மாட்டிவிட்டு உட்கார்ந்தார். யார் காதில் விழ வேண்டுமோ அவளைத் தவிர, கடலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தாயிற்று. நல்லாயிருந்த செட்டை நோண்டி நோண்டி நாசமாக்கிவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்தது.

படகைக் கரையில் கட்டியதும் ரேடியோ மெக்கானிக்கை வரச்சொன்னார். மெக்கானிக் கட்டுப்பாட்டு அறையின் படிகளில் இறங்கி வந்து, பொத்தானை அழுத்திப் பார்த்தார், குமிழைத் திருகிப் பார்த்தார்.

"செட்டுல ஒரு கோளாறும் இல்ல சார்."

"பின்ன ஏன் அவளுக்கு மட்டும் ஒண்ணுமே கேக்கல?"

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"காலையிலேருந்து நான் அங்கதான் சார் இருந்தேன். நீங்க மொதத் தடவ மன்னிப்புக் கேட்டதே ரூம் முழுக்கக் கேட்டுது. மேடம்தான் கண்ணத் தொடச்சுக்கிட்டு, எங்களப் பாத்து 'உஷ், யாரும் மூச்சு விடக்கூடாது'ன்னு சொல்லிட்டு, 'திரும்பச் சொல்லுங்க'ன்னு பட்டன அழுத்தினாங்க."