சார்ட்டில் முளைத்த பெரியப்பா

காலை மணி பத்து இருபது. முதலில் என் கண்ணில் பட்டது, மாப்பிள்ளையின் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தது. துடைத்து மாட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் நான் தொங்கவிட்டிருந்த சார்ட்டை நோக்கி இரண்டடி வைத்தார். அந்த இரண்டடியை அவர் வைக்காமல் இருந்திருந்தால், என் தங்கை வசந்தாவின் நிச்சயதார்த்தம் பத்தரைக்கு முடிந்திருக்கும். பதினொன்றுக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்.

தவறு அவர்மேல் இல்லை. நிச்சயதார்த்த வீட்டுச் சுவரில் முழு சார்ட் தாளில் செத்துப்போன முன்னோர்களின் பெயர்களை இரண்டு கலர் மையில் எழுதித் தொங்கவிட்டவன் நான்தான். 1989-ஆம் வருடம் மே மாதம் அது. எனக்கு முப்பத்தொரு வயது. மதுரையில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். (உதவியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அடுத்தவர் எழுதியதில் காற்புள்ளி வைக்கிற வேலை.) அப்பா இறந்துபோயிருந்ததால், ராஜபாளையம் வீட்டில் நான்தான் ஆண் தலை. அந்தத் தலைக்குள் அப்போது ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது: முத்தையா.

முத்தையா என் பூட்டனார், அதாவது தாத்தாவின் அப்பா, சுடலைமுத்துவின் தம்பி. சோழபுரத்தில் கருப்பன் மகனாகப் பிறந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு நாள் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு, "கரும்புத் தோட்டத்துக்குப் போறேன்" என்று சொல்லிப் போனவர், போனவர்தான். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி இருந்த மொத்தத் தகவலும் இந்த ஒரு வாக்கியம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பத்திரிகைக்கு மொரீசியஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் தேவகி அம்மாள், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நூறு வருடம் முன்பு கப்பலில் வந்து இறங்கியவர்களின் பதிவேட்டில், வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி வைத்த ஊர்ப்பெயர்கள் அவருக்குப் பிடிபடவில்லை. உதவ முடியுமா என்று கேட்டிருந்தார். ஆசிரியர் அதை என் மேஜையில் போட்டார். நான் ஊர்ப்பெயர்களைக் கண்டுபிடித்து எழுதினேன். பதிலுக்கு அவர், "உங்கள் வீட்டிலிருந்து யாராவது இங்கே வந்தார்களா?" என்று கேட்டார். முத்தையாவைச் சொன்னேன். ஏழு மாதம் கழித்து ஒரு காகிதம் வந்தது: முத்தையா, தகப்பன் கருப்பன், வயது இருபத்திரண்டு, ஊர் சோழபுரம், தாலுகா ஸ்ரீவில்லிபுத்தூர், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு.

நான் அலுவலகத்தில் எழுந்து நின்றேன். (எழுந்து நின்றதற்குப் பக்கத்து மேஜைக்காரர் இன்றும் சாட்சி.)

எங்களுக்கு மூன்றாவது கூட்டாளி ஸ்ரீவில்லிபுத்தூர் அருணாசலம் அண்ணாச்சி. ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர். அவருடைய தாய்வழியில் ஒருவர் மொரீசியஸ் போய்க் காணாமல் போனதால் எங்களோடு சேர்ந்துகொண்டவர். பழைய பத்திரம் என்றால் வாசனையிலேயே வருடம் சொல்வார். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் முன் அவர் ஒரு நகல் கொண்டு வந்தார். சோழபுரம் கருப்பன் மகன் முத்தையா, கப்பலேறும் முன் தன் நிலத்துப் பங்கை, புதுப்பட்டிக்குக் குடிபோயிருந்த அண்ணன் வேலுவுக்கு விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரம்.

"ஒங்க பூட்டனார் பேரு சுடலைமுத்துல்லா? இதுல வேலுன்னு இருக்கே தம்பி" என்றார்.

"இன்னொரு அண்ணன் இருந்திருப்பார் அண்ணாச்சி."

"இருக்கலாம். சோழபுரத்துல இன்னொரு கருப்பனும், இன்னொரு முத்தையாவும்கூட இருந்திருக்கலாம். அந்தக் காலத்துல மொத்தமே இருவது பேரத்தான் மாத்தி மாத்தி வச்சாவ."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. பத்திரிகையில் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்று ஐந்து கேள்விகளுக்கும் பதில் வந்துவிட்டால் செய்தி முடிந்தது. எனக்கு ஐந்துக்கும் பதில் வந்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் சார்ட்டில் சுடலைமுத்து, முத்தையா இருவருக்கும் நடுவில் சிவப்பு மையில் வேலுவைச் சேர்த்தேன். அவர் பெயருக்குக் கீழே, "இவரது வாரிசுகள் பற்றி அறிந்தோர் தெரிவிக்கவும்" என்றும் எழுதினேன்.

அறிந்தவர் மறுநாள் காலை வேனில் வந்து இறங்கினார்.

மாப்பிள்ளையின் அப்பா சங்கரலிங்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை வைத்திருந்தார். பூர்வீகம் வ. புதுப்பட்டி என்று சொல்லியிருந்தார்கள். தாம்பூலத் தட்டுகள் இரண்டு பக்கமும் தயாராக இருந்தன. தட்டு மாற்ற வேண்டிய நேரத்தில் அவர் சார்ட்டுக்கு முன்னால் நின்று விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த வேலு... கருப்பன் மகன், சோழபுரம், பொறவு புதுப்பட்டிக்குக் குடிபோனவருன்னு போட்டிருக்கே. இது எங்க அப்பாவப் பெத்தவருல்லா!"

என் மூளையில் மணி அடித்தது. தப்பான மணி.

"மாமா! அப்ப வேலுவும் எங்க பூட்டனாரும் அண்ணன் தம்பி! நாம பங்காளிங்க! நீங்க எனக்கு மாமா இல்ல, பெரியப்பா!" என்று கத்திக்கொண்டே போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது அதில் முப்பத்தொன்பது பேருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் எனக்குப் பெரியப்பா என்றால், அவர் மகன் சிவகுமார் எனக்கு அண்ணன். எனக்கு அண்ணன் என்றால், வசந்தாவுக்கும் அண்ணன்.

மாப்பிள்ளையின் அத்தை தன் கையிலிருந்த தட்டை மெதுவாகத் தரையில் வைத்தார். "பங்காளி வீட்லயா பொண்ணு கேட்டு வந்திருக்கோம்? நல்ல வேள, தட்டு மாத்தல."

அம்மா சமையல் கட்டிலிருந்து வந்தாள். "ஏலே, பேப்பர்ல தப்பாப் போட்டா மறுநாள் திருத்தம் போடுவியல்லா? இப்பப் போடுலே. வருந்துகிறோம்னு போடு."

நான் இன்னும் சங்கரலிங்கத்தைக் கட்டிப்பிடித்தபடியே நின்றிருந்தேன். அவர்தான் என் கையை எடுத்துவிட்டார்.

ஒரே ஒரு வழி இருந்தது. பங்காளிகள் என்றால் குலதெய்வம் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்குச் சோழபுரம் கண்மாய்க்கரை அய்யனார். அவர்களுக்குப் புதுப்பட்டியில் ஒரு கருப்பசாமி. எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் சங்கரலிங்கம் நேர்மையான மனிதர்.

"அது பிடிமண் கோயில்லா" என்றார்.

ஊர் மாறிப் போகிறவர்கள் குலதெய்வக் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போய், புது ஊரில் வைத்துக் கும்பிடுவது வழக்கம். அந்த மண் எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்பது அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் அய்யனார் கோயிலிலும் காவலுக்கு ஒரு கருப்பசாமி உண்டு. மண் அங்கிருந்து போயிருந்தால் கல்யாணம் இல்லை.

சங்கரலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். "முகூர்த்தத்துக்கு இன்னும் பத்தொம்பது நாள் கெடக்கு. பத்து நாள் பாப்போம். ஒண்ணும் தெரியலைன்னா, மனசு சங்கடப்படாம அவியவிய வேற எடம் பாத்துக்கிடலாம்."

வேன் போனது. நாற்பது பேருக்குச் சமைத்த சாம்பார் அப்படியே இருந்தது. வசந்தா அறையிலிருந்து வெளியே வந்தாள். பட்டுச்சேலையை இன்னும் மாற்றவில்லை. அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணே, ஊர்ல எல்லாரும் தங்கச்சிக்கு மாப்பிள்ள தேடுவாவ. நீ எனக்கு இன்னொரு அண்ணனத் தேடிக் குடுத்திருக்க" என்றாள்.

அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நூறு வருடத்துக்கு முன் போனவரின் முழங்கால் தழும்பு எனக்குத் தெரியும். அடுத்த அறையில் இருப்பவள் மனது தெரியாது.

அருணாசலம் அண்ணாச்சி ஒருவர்தான் போகாமல் இருந்தார். 'அன்றைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தார். "முத்தையா கப்பலேறும்போது அவரும் ஒரு பிடி மண்ண மடியில கட்டிட்டுப் போயிருப்பாருல்லா? இங்க இருக்கவிய மறந்திருக்கலாம். தூரமாப் போனவன் மறக்க மாட்டான். அந்தம்மாட்ட கேளு. நீ கேக்காம விட்ட ஆறாவது கேள்வி அதுதான்."

மறுநாள் காலை தந்தி ஆபீசில் படிவத்தை நீட்டினேன். அங்கிருந்த குமாஸ்தா இரண்டு முறை படித்தார்.

"என்ன சார் இது, சாமி பேரு கேட்டு வெளிநாட்டுக்குத் தந்தியா?"

"ஆமா. அவசரம்."

"சாமிக்கா, ஒங்களுக்கா?"

அடுத்த ஒன்பது நாள் நான் விடுப்பில் இருந்தேன். அண்ணாச்சி தினமும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் புதுப்பட்டிக்கும் அலைந்தார். மாப்பிள்ளை சிவகுமார் ஒரு நாள் விட்டு ஒரு நாள், கடையை மூடிவிட்டு மொபெட்டில் வந்து வாசலோடு நிற்பார்.

"பதில் வந்துச்சா சார்?"

"சார் எதுக்கு? உள்ள வாங்க."

"மச்சான்னு கூப்பிடவா, தம்பின்னு கூப்பிடவான்னு தெரியல. தெரியுற வரைக்கும் சாராவே இருங்க."

ஒன்பதாம் நாள் தந்தி வந்தது. முத்தையாவின் பேரன் உயிரோடு இருக்கிறார், வருடந்தோறும் பூஜையில் செண்பகத்தோப்பு பேச்சியம்மன், கருப்பன் என்று சொல்கிறார், அய்யனார் பெயரே இல்லை, கடிதம் பின்னால் வருகிறது. அவ்வளவுதான். அப்படியென்றால் அந்த முத்தையாவும் அவர் அண்ணன் வேலுவும் எங்கள் பங்காளிகளே இல்லை.

தந்தியை எடுத்துக்கொண்டு ஓட இருந்தவனை அண்ணாச்சி பிடித்து நிறுத்தினார். "ஏலே, ஒரு சாட்சிய வச்சுத்தான் போன தடவ ஆடுன." அன்று மத்தியானமே சங்கரலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்புக்குப் போனோம். ஊரைச் சொன்னதும் பூசாரி சங்கரலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுப்பட்டிக்காரரா? எங்க அப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாவ, புதுப்பட்டிக்கு மண்ணு எடுத்துட்டுப் போனவிய அதுக்குப் பொறவு எட்டிக்கூடப் பாக்கலைன்னு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

சங்கரலிங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அங்கேயே விழுந்து கும்பிட்டார். எழுந்து என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"வாங்க மருமகனே."

அந்த வார்த்தையை அவ்வளவு நிம்மதியோடு நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

குறித்த நாளில், குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. தேவகி அம்மாளின் கடிதம் அதற்கு அடுத்த வாரம் வந்தது. முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி, கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். பேரனுக்கு எழுபது வயது. தமிழ் தெரியாது. ஆனால் தாத்தா சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வரியை, அர்த்தம் தெரியாமல், ஓர் எழுத்து பிசகாமல் வருடந்தோறும் சொல்லி வந்திருக்கிறார். செண்பகத்தோப்பு என்பது அம்மனின் பெயர் என்றே நினைத்திருக்கிறார். அது ஓர் இடம், அங்கே போக முடியும் என்று தேவகி அம்மாள் சொன்னபோது, அந்த வரியை இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாராம். கடிதத்தின் கடைசியில், "உங்கள் முத்தையாவை உங்களிடமிருந்து எடுத்து, உங்கள் தங்கையின் மாமனாரிடம் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள்" என்று எழுதியிருந்தார். முகம் பார்த்திராத ஒரு பெண்மணி, முகம் பார்த்திராத இன்னொரு பெண்ணின் கல்யாணத்துக்காக முழங்கால் வலியோடு அலைந்துவிட்டு, கடைசியில் மன்னிப்பும் கேட்கிறார். அதற்கு ஏற்ற பதில் எழுத நான்கு முறை முயன்றேன். நன்றி என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது எந்த நிச்சயதார்த்தமானாலும், தட்டு மாற்றும்முன் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "பெரியப்பா யாரும் பாக்கி இல்லையே?" என்று கேட்பார்கள். நான் இல்லை என்று சொன்ன பிறகுதான் தட்டு மாறும். வசந்தாவின் பிள்ளைகளும் இதைக் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஆனால் அண்ணாச்சி விடவில்லை. என் முத்தையா தொலைந்தது தன் குற்றம் போல நான்கு வருடம் தேடினார். 1993-இல் ஒரு தபால் கார்டு வந்தது. சாத்தூரில் ஒரு வீடு வாங்கிய பத்திரத்தில், சோழபுரம் கருப்பன் மகன் முத்தையா என்று இருப்பதாக எழுதியிருந்தார். அந்த விலாசத்துக்குப் போனேன். மளிகைக் கடை. கல்லாவில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். இந்த முறை முதல் கேள்வியே குலதெய்வம்தான்.

"சோழபுரம் கண்மாய்க்கரை அய்யனாரு" என்றார். "எங்க பூட்டனாரு அங்க உள்ளவருதான். சுடலைமுத்துன்னு ஒரு அண்ணனாம். அவரோட கோவிச்சுக்கிட்டு, கப்பலேறப் போறேன்னு கெளம்பினாராம். இங்க ஒரு கடையில வேல கெடைக்கவும் இருந்துட்டாராம். ஆமா, ஒங்கள எங்கயோ பாத்திருக்கேனே?"

ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் அந்த அய்யனார் கோயிலில் அவர்கள் எங்களுக்கு அடுத்த அடுப்பில்தான் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.