மென் சார் மாட்டிய போர்டு

உலகத்திலேயே இட்லிக்கு வலிக்காமல் இட்லி சாப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் மென் சார்தான். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். அவர் பிட்டதே தெரியாது. இட்லியே மனம் மாறி இரண்டாகப் பிரிந்தது போலிருக்கும். கையில் கொசு உட்கார்ந்தால் அடிக்க மாட்டார், ஊதுவார். அதையும் கொசுவுக்கு ஜலதோஷம் பிடித்துவிடுமோ என்று பயந்து பயந்துதான் ஊதுவார். டீக்கடையில் நின்று "மாஸ்டர், ஒரு டீ" என்று அவர் கேட்பது மாஸ்டர் காதில் என்றைக்கும் விழுந்ததில்லை. யாராவது இரக்கப்பட்டு அவருக்காகக் கத்த வேண்டும். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், ஏறும்போது யாரையும் இடித்துவிடக் கூடாது என்று ஒதுங்கி ஒதுங்கி நிற்பார். கடைசியில் பஸ் கிளம்பிவிடும். அதற்கும் கோபப்படாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்கு நினைவில்லை. இத்தனைக்கும் அவருடைய வாடகை ஒப்பந்தத்தை டைப் அடித்தவள் நான்தான். திண்டிவனத்தில் பத்திரம் எழுதும் குணசேகரன் சாரிடம் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதற்குத்தான் மென் சார் குடிவந்தார். அவர் தொழில் வலிக்கு வைத்தியம். மருந்து கிடையாது, எண்ணெய் கிடையாது, சுளுக்கு எடுப்பது, நரம்பைச் சுண்டுவது எதுவும் கிடையாது. மெதுவாகத் தொடுவார், அவ்வளவுதான். புதுச்சேரிப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் கற்றுக்கொண்டாராம்.

முதன்முதலில் வந்தவர் ஒலக்கூர் மல்லாட்டை வியாபாரி; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மூட்டையைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். மாடி ஜன்னல் எங்கள் தலைக்கு மேலேயே இருந்ததால், பேச்செல்லாம் கீழே கேட்கும். நாங்கள் கீபோர்டில் கை வைத்தபடி காதை மேலே வைத்துக்கொண்டிருந்தோம்.

"சார், எப்ப ஆரம்பிப்பீங்க?"

"ஆரம்பிச்சுப் பாதி முடிஞ்சிதுங்க."

"இன்னாது! ஈ உக்காந்துகினு இருக்குதுன்னு இல்ல நான் நெனச்சேன்!"

"அப்படித்தாங்க இருக்கணும்."

"அதெல்லாம் நமக்கு ஒத்துவராது சார். கூச்சப்படாம முதுகு மேல ஏறி நல்லா மிதிங்க. எங்க ஊர்ல அப்படித்தான்."

கொலை செய்யச் சொன்னது போல மென் சார் பதறியிருப்பார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் சட்டை போடாத ஒலக்கூர்க்காரர் எங்கள் கடை வாசலில் வந்து நின்றார்.

"யம்மா, உங்க டாக்டரு என்னைப் படுக்கப் போட்டுட்டு ஓடிட்டாரும்மா!"

ஓடவில்லை. அதுதான் அவர் செய்முறை. முதுகில் அங்கே இங்கே கட்டைவிரலை லேசாக உருட்டிவிட்டு, அறையை விட்டு வெளியே போய்விடுவார். உடம்பு தானாக யோசித்து இளகிக்கொள்ள வேண்டுமாம். பக்கத்தில் ஆள் நின்றால் அதற்குக் கூச்சமாக இருக்குமாம். நாங்கள் போய்ப் பார்த்தபோது மாடிப்படித் திருப்பத்தில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தார்; ஒலக்கூர்க்காரர் இறங்கிய வேகத்தில் கவனிக்கவில்லை. ஒலக்கூர்க்காரரைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"உடம்பு யோசிச்சுகினு இருக்கும்போது நடுவுல எழுந்து வந்துட்டீங்களே."

"என் ஒடம்பு இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல சார்" என்றார் ஒலக்கூர்க்காரர்.

ஆனாலும் திரும்பப் போய்ப் படுத்தார். சிறிது நேரத்தில் அவர் விட்ட குறட்டையில் எங்கள் பிரிண்டர் கூடத் தன் சத்தத்தை அடக்கிக்கொண்டது. மறுவாரம் ஒரு பை மல்லாட்டையோடு வந்தார். வலி போய்விட்டதா என்று கேட்டேன். "போகலம்மா. ஆனா கிட்ட வராம எங்கியோ தூரத்துல நின்னுகினு இருக்குது" என்றார். வலியைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கும் கழுத்து வலி இருந்தது. விஸ்தீரணம், நான்கெல்லை என்று நாள் முழுக்க அடித்தால் யாருக்குத்தான் வராது? மென் சார் என் பின்கழுத்தில் கைவைத்தபோது, ஆரம்பத்தில் எனக்கும் இது ஏமாற்று வேலை என்றுதான் தோன்றியது. ஆனால் அவர் எதையும் குணப்படுத்துவேன் என்று சொன்னதே இல்லை. "இறுக்கம் கொஞ்சம் விடும். தூக்கம் வரும். கை மரத்துப் போச்சுன்னா மட்டும் என்கிட்ட வராதம்மா, டாக்டரைப் போய்ப் பாரு" என்பார். அன்றைக்கு நான் வேலை நேரத்தில் தூங்கி, குணசேகரன் சாரிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் இத்தனை வருட உத்தியோகத்தில் கிடைத்த நல்ல தூக்கம் அதுதான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் போர்டு மாட்டினார்.

எழுதியது என்னவோ அழகான தமிழ்தான். மென்தொடு சிகிச்சை நிலையம். மென்மையாகத் தொட்டுச் செய்கிற சிகிச்சை என்று அர்த்தம். ஆனால் மாடியில் இருந்த இடம் குறுகல். பெயின்டர் "மென்" என்பதை மட்டும் மேலே சிவப்பில் தடியாக எழுதிவிட்டு, மற்றதைக் கீழே பொடி எழுத்தில் அடக்கிவிட்டார். எங்கள் ஊரில் "மென்" என்றால் யாருக்கு மென்மை நினைவுக்கு வரும்? ஆம்பளை என்றுதான் படிப்பார்கள்.

படித்தார்கள். ஒருவர் வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "கட்டிங், ஷேவிங். ஜல்தி சார், பொண்ணு பாக்கப் போவணும்" என்றார். இன்னொருவர் பனியன் சைஸ் கேட்டார். பஸ் இறங்கி ஓடி வந்த ஒருத்தர், போர்டை அண்ணாந்து பார்த்த வேகத்தில் படியேறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எங்க சார், உள்ளியா?" என்றார். இல்லை என்று சொல்ல மென் சாருக்கு மனம் வரவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் கடைக் கொல்லைப்புறத்தைக் காட்டிவிட்டார். அன்றைக்குத்தான் தெரு அவருக்கு மென் சார் என்று பெயர் வைத்தது.

வராதவர்கள் பெண்கள்தான். பூக்கட்டிக் கட்டித் தோள் விட்டுப்போன எதிர்க்கடை அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டேன். "அடிப்போடி, அது ஆம்பளைங்க கடை" என்றுவிட்டாள்.

விஷயம் குணசேகரன் சாரின் காதுக்குப் போனது. அவருக்குத் தன் வாசக ஞானத்தில் அபார நம்பிக்கை. ஒரு வார்த்தை இடறினால் சொத்தே போய்விடும் என்று ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்வார்.

"தெளிவு வேணும்யா. ஒரே ஒரு வரி சேத்துடு. சந்தேகமே வராது" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். பெயின்டர் அதை அடியில் பச்சையில் எழுதினார்.

மறுநாள் காலை அஞ்சலை அக்கா எழுத்துக் கூட்டித் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தாள்.

"மென்... தொடு சிகிச்சை நிலையம். பெண்களும் வரலாம்."

படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்ய! பட்டப்பகல்ல இன்னாடி இது அக்கிரமம்!"

அவ்வளவுதான். யாரோ போட்டோ எடுத்தார்கள். அது வாட்ஸ்அப்பில் ஏறி, எங்கள் கடைக்கு டீ வருவதற்குள் விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டடத்தின் ஓனர் மாணிக்கம் அங்கேதான் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். ஓடுகிற லாரியோடு பேசிப் பேசியே வளர்ந்த தொண்டை. அவர் வந்து இறங்கியபோது தெருமுனையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"யோவ்! வைத்தியம்னு சொல்லி ரூமை வாங்கிகினு இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க?"

மென் சாரின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. குணசேகரன் சார் இடையில் புகுந்தார்.

"மாணிக்கம், அவசரப்படாத. மென்மைங்கறது பண்பு. அதுல மை கெட்டு மென் ஆச்சு. இதுக்குப் பண்புத்தொகைன்னு பேரு."

"பண்புத்தொகையோ அட்வான்ஸ் தொகையோ, மாசம் முடியறதுக்குள்ள சாவி என் கைக்கு வரணும்!"

அதற்குப் பிறகு மென் சார் வேறு அறை தேடி அலைந்தார். ஒன்றும் அமையவில்லை. ஒருநாள் படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். "ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கினு இருந்தவன்மா நான். மூட்டையைப் போடற மாதிரி மனுஷங்களைத் தூக்கிப் போடுவோம். அது தாங்காமதான் இதைக் கத்துகினேன். விழுப்புரத்துல எத்தினி பேர்கிட்ட ரூமு கேட்டிருப்பேன்? தொடற வைத்தியம்னு சொன்னாலே கதவைச் சாத்திக்கிறாங்க. இதுவும் போனா திரும்ப ஸ்ட்ரெச்சர்தான்." எனக்கு அந்த ஓனரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. மென் சாருக்குக் கோபமே வரவில்லை என்பதில் இன்னும் கோபம் வந்தது.

இதில் ஒரு விசித்திரம் நடந்தது. அந்தப் போர்டு சிரிப்பாய்ச் சிரித்த பிறகுதான், என்னைத் தவிர்த்து, முதல் பெண் நோயாளி வந்தார். நல்ல ஆகிருதி. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தலை சீவிக்கொள்ள முடியாமல் கொண்டையைக் கோணலாக முடிந்திருந்தார். யார், எந்த ஊர் என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். அறைக்குள் அந்த அம்மாவுக்குத் துணையாக முதல் நாள் நான்தான் உட்கார்ந்தேன். மறுமுறையிலிருந்து, "நீ போய் உன் வேலையப் பாரு கண்ணு, எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்று என்னை அனுப்பிவிட்டார்.

மாசக் கடைசி வந்தது. மென் சார் விரிப்புகளை மடித்து, தலையணைகளைத் தட்டிக்கூடக் கொடுக்காமல் தடவிக்கொடுத்துப் பையில் வைத்துவிட்டார். ஒரே ஒரு கட்டில் விரிப்பை மட்டும் மடிக்கவில்லை, அந்த அம்மா கடைசி முறையாக வருகிறேன் என்று சொல்லியிருந்தார். வந்தார், படுத்தார். மென் சார் வழக்கம்போல் தொட்டுவிட்டு வெளியே வந்து படித் திருப்பத்தில் நின்றார்.

அந்த நேரம் பார்த்து மாணிக்கம் வந்தார், கையில் பெரிய பூட்டோடு. "எங்கய்யா சாவி?" என்று படி அதிர ஏறினார். நானும் குணசேகரன் சாரும் பின்னாலேயே ஓடினோம்.

மென் சார் நகரவில்லை. பஸ்ஸில் யாரையும் இடிக்காத மனிதர், மாணிக்கத்தின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து நிறுத்தினார். இம்முறை அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"என்னைக் காலி பண்ணுங்க. உள்ள ஒரு அம்மா தூங்கறாங்க. அவுங்க எழுந்திருக்கட்டும்."

"எவ அவ..." என்று கையைத் தட்டிவிட்டு மாணிக்கம் திரையை விலக்கினார்.

அப்படியே நின்றார். இடி விழப்போகிறது என்று நான் காதைப் பொத்திக்கொள்ளப் போனேன். இடி விழவில்லை. அவர் திரும்பினார், திரையை ஓசைப்படாமல் பழையபடி இழுத்துவிட்டார்.

"என் ஊட்டுக்காரி" என்றார். கிசுகிசுப்பாக.

"ஓமந்தூர்ல தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தாய்யா. போட்டோவை இவகிட்டதான் மொதல்ல காட்டி, பாருடி அநியாயத்தன்னு கத்துனேன்" என்றார். அவர் காட்டிய போட்டோவில் அந்த அம்மா கண்ணுக்கு அநியாயம் தெரியவில்லை. பெண்களும் வரலாம் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. ஊரிலேயே அந்தப் போர்டைச் சரியாகப் படித்த ஆள் அவர் ஒருவர்தான்.

மாணிக்கம் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "தோள் வலின்னு சொவுத்துல சாஞ்சுகினே கெடப்பா. இவ இப்படிக் காலை நீட்டித் தூங்கி எவ்ளோ நாளாச்சு தெரியுமா" என்றார் யாரிடம் என்றில்லாமல். அப்போது பார்த்து அவர் போன் அலறியது. பதறி எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, "லோடை எறக்கிட்டு வாடா" என்றார். மறுமுனையில் டிரைவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது. "யாரு பேசறது? மொதலாளிக்கு இன்னா ஆச்சு?"

அந்த அம்மா எழுந்து வந்து புருஷனைப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"நீங்க இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"ரூமு பாக்க வந்தேன்."

"பாத்தாச்சில்ல? பூட்டைப் பையில வச்சுகினு கெளம்புங்க. நான் அடுத்த வாரமும் வரணும்."

மாணிக்கம் எழுந்தார். "யோவ், இருந்துக்கோ. அந்த போர்டை மட்டும் மாத்திடுய்யா, பேஜாரா போச்சு" என்றார்.

"புது வாசகம் நான்..." என்று குணசேகரன் சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நீ வேணாம்!" என்று மாணிக்கமும் நானும் ஒரே சமயத்தில் கத்தினோம்.

அவர்கள் போன பிறகு மென் சார் பையைத் திறந்து விரிப்புகளை வெளியே எடுக்க ஆரம்பித்தார். ஒன்றை எடுத்தார், அதை மடியில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்பது தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது. குணசேகரன் சாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். நான் போய் மென் சார் தோளில் கைவைத்தேன். அவருக்கு வலித்துவிடக் கூடாதே என்று பட்டும் படாமலும்தான் வைத்தேன்.

அவர் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"கொஞ்சம் அழுத்தியே வைம்மா."

அழுத்தியே வைத்தேன். அந்த மனிதர் மீது எனக்கு எவ்வளவு பிரியம் என்பது என் கைக்கு அப்போதுதான் தெரிந்தது.