நூர் என்றால் வெளிச்சம் என்று நினைத்தேன்

மாலை நாலு நாற்பதுக்குத்தான் எல்லாம் பிழையாகிப்போனது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது சரியல்ல. அதற்கு முந்திய சனிக்கிழமை, காலை பத்தேகாலுக்கு, கல்முனை பஸாரில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் நின்றுகொண்டு "என்னத்துக்குக் குறைக்கணும்?" என்று நான் கேட்டேனே, அப்போதே பிழையாகிவிட்டது. நாலு நாற்பதுக்கு அது ஊருக்குத் தெரியவந்தது, அவ்வளவுதான்.

நான் தமிழ் ஆசிரியை. (இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது நல்லது.) "முழு வசனத்தையும் வாசித்துவிட்டுக் கருத்தைச் சொல்லு" என்று வகுப்பில் நான் கத்தாத நாள் இல்லை. அப்படிப்பட்டவள் என் சொந்த மகள் எழுதிய நாடகத்தில் தலைப்பை மட்டும் வாசித்தேன். அதையும் பாதிதான் விளங்கிக்கொண்டேன்.

மகள் ஹஸ்னா அப்போது உயர்தரம் முதல் வருடம். தன் மகளிர் பாடசாலைக்காக அவளே ஒரு நாடகம் எழுதி, அவளே பழக்கி, அவளே அதில் நடித்தாள். வலய மட்டப் போட்டிக்கு அது தெரிவானது. அவளுக்கு அதுதான் முதல் நாடகம், அதுவே கடைசியும். அடுத்த வருடம் பரீட்சை, ஆகவே இந்த ஒன்றோடு சரி என்று நான் கட்டளை போட்டிருந்தேன். அவள் சண்டை பிடிக்கவில்லை.

"சரி உம்மா. ஒண்டுதானே, அத நல்லாச் செஞ்சித்து விடுறன்" என்றாள்.

கதை, நுளம்பு கடித்து வரும் டெங்குக் காய்ச்சலைப் பற்றியது. நூர் என்ற ஒரு தாய், வளவில் கிடக்கும் சிரட்டைகளையும் பழைய டயரையும் நாளைக்கு அள்ளுவோம், நாளைக்கு அள்ளுவோம் என்று விட்டுவைக்கிறாள். கடைசியில் காய்ச்சல் வந்து அவளே மௌத்தாகிறாள். நூராக நடித்தது ஹஸ்னா. நாடகத்தின் பெயரும் 'நூர்'தான்.

அந்த மண்டபத்து மேடைக்குத் திரை கிடையாது. அதனால் முடிவை வெளிச்சத்தை வைத்தே அவள் அமைத்திருந்தாள். மேடையின் பின்னால் வெள்ளைத் துணி. துணிக்குப் பின்னால், தரையோடு ஒரு ஸ்ட்ரிப் லைட். நூர் கண்ணை மூடியதும் அந்த வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்து, மண்டபம் முற்றாக இருட்ட வேண்டும். அந்த இருட்டில்தான் மையித்து, அதாவது செத்துக் கிடக்கும் நூர், எழும்பி உள்ளே போகலாம்.

"உம்மா, லைட் மட்டும் உங்கட பொறுப்பு. குறைக்கிற மாதிரி ஸ்ட்ரிப் வேணும். பவர் சப்ளையும் டிம்மரும் அதோட பொருந்தணும். ஒண்டு பொருந்தாட்டியும் குறையாது. கேட்டீங்களா?"

"கேட்டன் மகள்."

பொய் சொல்லவில்லை. காதால் கேட்டேன்.

கடைக்கார நானா இரண்டு சுருள்களை எடுத்துப் போட்டு எரித்துக் காட்டினார். முதலாவது மஞ்சள். மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முந்திய அந்தி வானம் மாதிரி ஒரு நிறம். எனக்கு அது வோல்ட்டேஜ் குறைந்த வீடு மாதிரித் தெரிந்தது. இரண்டாவது வெள்ளை. அதை எரித்ததும், தெருவுக்கு அந்தப் பக்கத்துத் துணிக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், மஞ்சள் கூட்டலாம், குறைக்கலாம். வெள்ள குறையாது. நாடகம் எண்டு செல்றீங்க, மஞ்சள எடுங்க."

"என்னத்துக்குக் குறைக்கணும்? நாடகத்துட பேரே நூர், நானா."

அவர் வெள்ளைச் சுருளைக் கையில் எடுத்தார். "அப்ப சரி. நூர் எண்டா வெளிச்சந்தானே? கூடினதயே கொண்டு போங்க."

இப்படியாக ஒரு வியாபாரியும் ஒரு தமிழ் டீச்சரும் சேர்ந்து, நாடகத்தை வாசிக்காமலே அதற்கு விளக்கம் எழுதி முடித்தோம்.

உண்மையான காரணம் வேறு. பாடசாலை விழாப் படங்களில் ஹஸ்னா எப்போதும் பின்வரிசையில், யாரோ ஒருத்தியின் தலைக்குப் பின்னால், அரை இருட்டில் நிற்பாள். இந்த ஒரு முறையாவது என் பிள்ளையின் முகம் கடைசிக் கதிரையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். தாய்க்கு ஆசை வந்தால் அறிவு பஸ் ஏறிப் போய்விடுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு, குறைக்கவும் வேண்டுமே என்ற பயம் மெல்லத் தலைகாட்டியது. என் கணவரிடம் கேட்டேன். அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர் அவர். மின்சாரத்துக்கும் அவருக்கும் இருக்கும் ஒரே தொடர்பு மாதாந்தக் கட்டணம்.

"இதுக்கு ஏன் புள்ள யோசிக்கிற?" என்றார். "ஃபேனும் கரண்டில ஓடுது, லைட்டும் கரண்டில எரியுது. ஃபேன் ரெகுலேட்டரப் போட்டா ரெண்டும் குறையும்."

அறையில் ஓடாமல் கிடந்த மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்றி, வயர் இழுத்துத் தந்தார். பட்டப்பகலில், முற்றத்தில் வைத்துப் பரிசோதித்தோம். குமிழைத் திருப்பியபோது கொஞ்சம் குறைந்த மாதிரித்தான் இருந்தது. (மேகம் மறைத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.)

போட்டி அன்று காலை ஹஸ்னா கேட்டாள்.

"டிம்மர் வேல செய்யுதா உம்மா?"

"ஓம்."

பட்டப்பகலில் பார்த்தது என்பதைச் சொல்லவில்லை.

மண்டபத்து ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். மருதமுனையில் வாங்கிய வெள்ளைத் தறித்துணி மேடையில் தொங்கியது. அதன் பின்னால், இடது மூலையில், ஒரு ஸ்டூலில் நான். மடியில் ரெகுலேட்டர். "அவசரத்துக்கு உதவும்" என்று கணவர் தந்த ஸ்க்ரூ டிரைவர் கையில். பிளக் பொயின்ட் மண்டபத்துக்கே ஒன்றுதான், அதுவும் மேடையின் வலது மூலையில். நான் இருந்த இடத்திலிருந்து துணியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நாடகத்தைக் காதால்தான் பார்த்தேன்.

நன்றாகவே போனது. மண்டபத்தில் ஒரு கதிரைகூடக் கிரீச்சிடவில்லை. என் மகளின் குரலைக் கேட்க, அது யாரோ ஒரு பெரிய மனுஷியின் குரலாக இருந்தது. வீட்டில் தண்ணீர்ப் போத்தலை எங்கே வைத்தேன் என்று கத்துகிற பிள்ளையின் குரல் அல்ல. பிறகு, சாகக் கிடக்கும் நூர் தன் பிள்ளையிடம் சொல்லும் கடைசி வசனம் வந்தது. அதுதான் எனக்குரிய சைகை.

"மகள், லைட்ட நூத்துங்க. கண் கூசுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நூர். அறபியில் வெளிச்சம். எங்கள் ஊர் வாயில், விளக்கு நூர்வது என்றால் அணைவது. தினமும் இரவில் நானே "லைட்ட நூத்துங்க" என்று சொல்கிறேன். என் மகள் இரண்டு கருத்தையும் ஒரே சொல்லுக்குள் வைத்து ஒரு தாயைச் சாகடித்திருந்தாள். நான் அதில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

குமிழை ஐந்திலிருந்து நாலுக்குத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றுக்குத் திருப்பினேன். பவர் சப்ளை குளவிக்கூடு மாதிரி இரையத் தொடங்கியது. இரண்டு. லைட் மினுக்கத் தொடங்கியது. சாதாரண மினுக்கல் அல்ல, கலியாண வீட்டு மினுக்கல்.

துணிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் சொன்னாள்: "என்னகா இது, மையித்து வீட்டில கலியாண லைட்டு!"

முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. பதறிப்போய்ப் பலமாகத் திருகினேன். குமிழ் கையோடு வந்துவிட்டது.

இனிச் செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. வலது மூலைக்குப் போய் பிளக்கைப் பிடுங்க வேண்டும். எழுந்து நடந்தால் ஆட்களுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆகவே ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கவ்விக்கொண்டு, அபாயா அங்கியைத் தூக்கிப் பிடித்து, முழங்காலிலும் முழங்கையிலும் தவழத் தொடங்கினேன். துணிக்கும் லைட்டுக்கும் நடுவால்.

தரையிலிருக்கும் லைட்டுக்கு முன்னால் தவழ்ந்தால் நிழல் எங்கே விழும், எவ்வளவு பெரிதாக விழும் என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளையைக் கேட்டாலே சொல்லும். எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைத் துணியில், மேடை உயரத்துக்கு, இரு பக்கமும் இறக்கை விரிந்த, மடங்கிய கால்களும் நீண்ட கொடுக்குமுள்ள ஓர் உருவம், செத்துக் கிடந்த நூரை நோக்கி மினுக்கி மினுக்கி நகர்ந்திருக்கிறது.

ஒரு சின்னப் பிள்ளையின் குரல் கீச்சென்று எழுந்தது.

"உம்மா! நுளம்பு!"

மண்டபம் இடிந்து விழுந்தது போல இருந்தது. நான் அந்தச் சத்தத்துக்குள்ளேயே தவழ்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன். இருட்டு வந்தது. என் மகள் அத்தனை நாள் பழகிய அந்த இருட்டுக்குள் அமைதி இருந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் இருந்தது. விசிலும் இருந்தது.

பரிசு வேறு பாடசாலைக்குப் போனது. நடுவர் ஒருவர் ஒலிவாங்கியில் சொன்னார்: "நிழலைப் பயன்படுத்திய விதம் புதுமை. ஆனால் துயர முடிவுக்கு அது பொருந்தவில்லை." இரண்டாவது வசனத்தோடு எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஊருக்கு நுளம்பு டீச்சர். என் வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்வரிசையிலிருந்து மெல்லிய ரீங்காரம் வரும். ரெகுலேட்டர் யோசனை யாருடையது என்பதை மறந்துவிட்ட என் கணவர், நான் கோபமாக அறைக்குள் வந்தால் நுளம்பு வலையை இழுத்துவிடுகிறார். ஒழுங்கைக்குப் புகை அடிக்க வந்த சுகாதாரப் பிள்ளைகூட, "ராத்தா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்களுக்கு ஒத்துக்காது" என்றான். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிக்கிறேன். மண்டபத்திலிருந்த கைத்தொலைபேசிகளில் எடுத்த வீடியோக்கள் எனக்கும் வந்தன. ஒன்று விடாமல் பார்த்தேன். எல்லாவற்றிலும் துணியும் நுளம்பும்தான் இருந்தன. கீழே கிடந்த பிள்ளையை ஒருவரும் எடுத்திருக்கவில்லை.

இவையெல்லாம் பிறகு நடந்தவை. அன்று மாலை, சனம் கலைந்த பின்னும், நான் பாடசாலை விறாந்தைப் படியில் அந்த ஸ்ட்ரிப் லைட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஹஸ்னாவுடைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். "அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வாசல் கேற்றுக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரித்தார்கள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வசனம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லோருக்கும் பின்னால் ஹஸ்னா வந்தாள். முகத்தில் பூசிய மையித்துப் பவுடர் இன்னும் கழுவப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"எல்லாரும் சிரிச்சாங்க உம்மா. நான் சிரிக்கல்ல. கண் மடலக்கூட அசைக்கல்ல. பாத்தீங்களா?"