பெரியவனுக்குக் காய்ச்சல்

ஆவடியிலிருந்து பாடி வரை இருபத்தேழு போட்டோக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டோ எடுத்த நேரத்தைவிட எடுக்காமல் நின்ற நேரமே அதிகம் என்று சொல்லத்தக்கவர் எங்கள் கள்ளிக்குப்பம் விசிறிக்காரர் ஒருவர்தான்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தோளில் கேமரா பை, முதுகுப்பக்கம் பேன்ட்டில் செருகிய பனையோலை விசிறி. விசிறி அவருக்கல்ல, ஃபிளாஷுக்கு. அவரிடம் இரண்டு ஃபிளாஷ்கள் உண்டு. ஒன்று பெரியவன், இன்னொன்று சின்னவன். ஒன்று கேமராவின் தலையில் உட்கார்ந்து உழைக்கும்போது மற்றது பைக்குள் இளைப்பாறும். இருபது முறை பளிச்சிட்டதும் நிறுத்திவிடுவார். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சந்தேகம் தீராவிட்டால் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "சூடு ஏறிடுச்சி. ஆறட்டும்" என்று அறிவித்துவிட்டு விசிறத் தொடங்குவார். அதுவரை தாலியே ஆனாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

பக்கத்துத் தெருவில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை வீறிடுகிறது. ஆசாரி ஊசியைக் காதருகே கொண்டுபோய்விட்டார்.

"ஆசாரி, நிறுத்து. பெரியவனுக்கு மூச்சு வாங்குது."

"யோவ், ஊசி காதாண்ட கீதுய்யா!"

"அப்ப அங்கயே வச்சிக்கோ. ஆட்டாத."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு விசிறியை வேடிக்கை பார்த்தது. கால் மரத்துப்போன தாய்மாமன்தான் அழுதார்.

என் ஓய்வு விழாவுக்கும் அவர்தான் வந்தார். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்ஸில் முப்பத்துநான்கு வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணியவன் நான். மேனேஜர் சால்வையைப் பிரித்து என் தோளருகே கொண்டுவந்த நேரம், "சார், அப்படியே நில்லுங்க, ஆறட்டும்" என்றார் விசிறிக்காரர். மேனேஜர் இரண்டு கைகளையும் தூக்கியபடி நூற்றுத்தொண்ணூறு விநாடி நின்றார். நான்தான் எண்ணினேனே. முப்பத்துநான்கு வருஷத்தில் எனக்காக அவர் கையைத் தூக்கியது அன்று ஒருநாள்தான்.

இப்படிப்பட்டவரை இளைய மகளின் வரவேற்புக்கு ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று என் மனைவி நாற்பது முறை கேட்டாள். காரணம் இருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் மூத்த மகளின் வரவேற்பு. வேறொரு போட்டோக்காரர். நடுவில் அவருடைய ஃபிளாஷ் சூடாகி நின்றுவிட்டது. மனிதர் அதை வெளியே சொல்லவில்லை. "ஸ்மைல் ப்ளீஸ்" என்று சொல்லிச் சொல்லி, வெளிச்சமே இல்லாமல் கிளிக் கிளிக்கென்று தட்டி, பதினோரு குடும்பங்களை அனுப்பிவைத்துவிட்டார். பதினொன்றும் கரிக்கட்டை. அதில் ஒன்று பாடி மாமாவின் குடும்பம். மாமா என் அக்காவின் கணவர். ஆல்பம் வந்ததும் எண்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். தன்னைக் காணவில்லை. "நான் வந்தேன்றதுக்கே சாட்சி இல்லயே" என்று மூடி வைத்தார். காப்பியைத் தொடவில்லை. அன்று போனவர்தான், என்னோடு பேச்சு கிடையாது.

இந்த முறை பத்திரிகை வைக்க மூன்று தடவை பாடிக்குப் போனேன். "பாப்போம்" என்றார், அதுவும் சுவரைப் பார்த்து. அன்றே அக்கா போனில் சொன்னாள்: "இந்த வாட்டியும் அவுரு போட்டோல இல்லன்னா, நானே உன் ஊட்டுப் படி ஏற முடியாதுடா."

அதனால்தான் விசிறிக்காரர். எடுக்காத போட்டோவை எடுத்ததாக நடிக்க அவருக்கு வராது. விஷயத்தை அவரிடம் ஆறு தடவை சொன்னேன்.

"போதும் சார். நீங்க சொல்லச் சொல்ல பெரியவன் இப்பவே சூடாவறான்."

அம்பத்தூர் மண்டபத்தில் நுழைந்ததுமே அவர் முகம் வாடிவிட்டது. மேடைக்குப் பின்னால் கருஞ்சிவப்பு வெல்வெட், மேலே நட்சத்திரம் பதித்த கறுப்புத் துணி. "இந்தத் துணி வெளிச்சத்தத் தின்னுது சார். புள்ளைங்க முழு பலத்தோட அடிக்கணும்" என்றார். முதலில் சின்னவனை வேலை வாங்கினார். அவன் சூடானதும் பையில் படுக்கவைத்துப் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் பெரியவனை ஏற்றினார். நான் மேடையோரம் நின்று எண்ணினேன். ஒரு குடும்பத்துக்கு மூன்று வெளிச்சம். பரிசு கொடுக்கும்போது ஒன்று, கொடுத்த பின் ஒன்று, கண்ணை மூடியிருந்தால் என்ன செய்வது என்று இன்னொன்று.

சின்னவன் பைக்குள் போய் அரைமணி நேரம் இருக்கும். வாசலில் பாடி மாமா. வெள்ளைச் சட்டை. பக்கத்தில் அக்கா. வரிசையில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஏழு குடும்பம். ஏழு மூன்று இருபத்தொன்று. பெரியவன் தாங்குவது இருபது, அதிலும் ஏற்கெனவே அடித்தது போக மிச்சம்தான்.

"ஏம்ப்பா, குடும்பத்துக்கு ஒண்ணு போதும்ப்பா. மிச்சம் பிடி."

"கண்ண மூடிட்டாங்கன்னா? ரெண்டுக்குக் கம்மி கெடயாது."

பதினான்கு. அதையும் எண்ணினேன். பன்னிரண்டாவதிலேயே வெளிச்சம் சோர்ந்து வந்தது. மாமா மேடையேறினார், மாப்பிள்ளை கையில் பரிசைக் கொடுத்தார், நிமிர்ந்தார். கிளிக். வெளிச்சம் வரவில்லை. பெரியவனின் முதுகில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

"இந்த வாட்டியுமா?" என்றார் மாமா அக்காவிடம், எனக்குக் கேட்கும்படி.

"சின்னவனை மாத்துப்பா!" என்று பையை நீட்டினேன்.

"அவனும் கொதிச்சிகினு கீறான். தொறக்காதீங்க, அங்க வையுங்க."

வீடியோக்காரரின் விளக்காவது உதவுமா என்று தேடினேன். அவர் விளக்கோடு பந்திக்குப் போய், சாப்பிடுகிறவர்களின் வாயைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஜூஸ் கவுண்டருக்கு ஓடி இரண்டு கையிலும் ஐஸ் கட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தேன்.

"இன்னா சார் பண்றீங்க! உள்ள தண்ணி எறங்குச்சின்னா ஆளே காலி. தள்ளிப் போங்க!"

என்னைத் துரத்திவிட்டு மாமாவைப் பார்த்தார். "பெரியவரே, பொய்க்கு ஒரு கிளிக் அடிச்சி உங்கள அனுப்ப எனக்கும் தெரியும். செய்ய மாட்டேன். ஆறட்டும், நில்லுங்க."

"எவ்ளோ நேரம்?"

"அது அவன் கைல கீது." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களும் ஏறுங்க. அவரு பக்கத்துல. இன்னும் ஒட்டி."

ஏறினேன். ஐஸ் உருகி விரல் நுனியிலிருந்து சொட்டியது. மாமாவின் தோள் என் தோளில் இடித்தது. விசிறிக்காரர் நிதானமாக விசிறினார். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். நான்கு நிமிடத்தில் ஆறிவிடும் என்பது பழைய கணக்கு. ஐந்தாகியும் விசிறி நிற்கவில்லை.

வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "அண்ணாத்தே, நிக்க நிக்க கெயவனாயிடுவேன் போலகீதே!"

"ஆயிடு மாமே. அதயும் எடுக்கறேன்."

ஆறாவது நிமிடம், மாமா கேமராவையே பார்த்தபடி, "கை ஏன் ஈரமா கீது?" என்றார்.

"ஐஸ்."

"எதுக்கு?"

"ஃபிளாஷுக்கு."

"எவனாவது கரண்டு சாமானுக்கு ஐஸ் வப்பானா?" கர்சீப்பை உருவி என் கையில் திணித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சக்கரை எவ்ளோ உனக்கு?"

"நூத்தியெண்பது, மாமா."

"எனக்கு எரநூத்திப்பத்து." குரலில் ஒரு பெருமை இருந்தது. நான் விட்டுக்கொடுத்தேன்.

ஒன்பதாவது நிமிடம் அவர் சொன்னார்: "அன்னிக்கி நான் நீலச் சட்டை மச்சான். புதுசு. ஆல்பம் முழுக்க நீலச் சட்டயத் தேடினேன்."

"தெரியும் மாமா. எண்பது பக்கமும் நானும் தேடினேன்."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பளிச். அப்புறம் இன்னொரு பளிச். கண்ணை மூடியிருந்தால் என்ன செய்வது என்று மூன்றாவதும். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமாவைப் பந்திக்கு அழைத்துப்போனாள். மாமா கர்சீப் பிடித்த என் கையையும் சேர்த்து இழுத்தார்.

"வரேன் மாமா" என்று சொல்லிவிட்டு, மேடையோரம் வைத்த பையை எடுத்தேன். சின்னவன் கொதிக்கிறான் என்று அவர் சொல்லிப் பதினொரு நிமிடம்தான் ஆகியிருந்தது. என் வழக்கம், எதையும் தொட்டுச் சரிபார்ப்பேன். பைக்குள் கையை விட்டுச் சின்னவனைத் தொட்டேன். மார்கழியில் எங்கள் ஸ்டோர்ஸின் இரும்புக் கதவு இருக்குமே, அப்படிச் சில்லென்றிருந்தான்.

நிமிர்ந்தேன். விசிறிக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆறிப்போன பெரியவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் நின்னுகினு கீறீங்க? அடுத்த பேமிலிய ஏறச் சொல்லுங்க."

நான் அதைப்பற்றி அவரிடம் கேட்கவில்லை. மாமா இப்போது வாரம் இரண்டு முறை வருகிறார். காப்பியும் இரண்டு டம்ளர் குடிக்கிறார். விசிறிக்காரர் இந்தச் சித்திரை வெயிலிலும் ஸ்கூட்டரில் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார், முதுகில் அதே விசிறி, சட்டையெல்லாம் நனைந்து. அதை எடுத்து ஒரு தடவையாவது தன் முகத்துக்கு வீசிக்கொள்ளக் கூடாதா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.