ஏழாவது சுரங்கமும் ஊ நேவியும்

யாங்கோன் மாநகரில் பாஸ்போர்ட் இல்லாமல், விசா இல்லாமல், ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடச் செலவழிக்காமல் வாரம் மூன்று தடவை ஜப்பானுக்குப் போய்வந்த ஒரே ஆள் ஊ நேவிதான். நாங்களெல்லாம் பரீட்சை எழுதி, கையெழுத்துக்கு அலைந்து, நாயாய்ப் பேயாய்த் திரிந்து ஒரே ஒரு தடவை போனோம். போனவர்கள் போனவர்கள்தான். அவர் மட்டும் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார்.

பபேடான் பேட்டையில் எங்கள் தெருவில்தான் அவருடைய டாக்சி நிற்கும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'ஊ' என்பது பர்மாவில் வயதில் பெரிய ஆண்களுக்குச் சேர்க்கும் மரியாதை; இளம்பெண்களுக்கு 'மா'. 'நேவி' என்பது அவர் காரில் வழி சொல்லும் பெட்டி. எங்கள் ஊரில் ஓடுகிற கார்களில் முக்கால்வாசி, ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்தவை. அந்தப் பெட்டிகள் ஜப்பானிய மொழியில்தான் பேசும், ஜப்பானின் சாலைகளைத்தான் காட்டும். மற்ற டிரைவர்கள் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பாட்டுப் பெட்டி வைப்பார்கள். ஊ நேவி பிடுங்கவில்லை. போதாக்குறைக்கு ஒரு மெக்கானிக் ஏதோ ஒயரை அறுத்துவிட்டான். அன்றிலிருந்து, கார் பபேடானில் நின்றாலும், பெட்டியைப் பொறுத்தவரை அது ஜப்பானில் பழைய சொந்தக்காரர் வீட்டு வாசலிலேயே நின்றது.

அந்தப் பெட்டியில் ஓர் ஊர் பதிந்துகிடந்தது. கயானோ. மூன்றரை மணி நேரப் பயணம், மலையைக் குடைந்த ஏழு சுரங்கப் பாதைகள், கடைசியில் வைக்கோல் கூரை வீடுகள் உள்ள பழங்காலக் கிராமம். நான் அப்போது ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்ததால், திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னவள் நானே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"யாரோ ஊருக்குப் போகணும்னு வச்சிருக்காங்க, மா வசந்தி. போகல. வண்டிய வித்துட்டாங்க. ஊருக்குன்னு கெளம்பின வண்டி, பாவம், நம்மகிட்ட வந்து மாட்டிக்கிச்சு" என்றார்.

"அதுக்கு நாம என்ன மாமா செய்றது?"

"கொண்டுபோய் சேக்கணும்."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

பெட்டியில் ஒத்திகைப் பொத்தான் ஒன்று உண்டு. அமுக்கினால் கார் நகராது. திரையில் உள்ள சின்ன அம்பு மட்டும் வழி நெடுகத் தானாக ஓடும், குரல்காரி திருப்பம் திருப்பமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். இதற்கென்றே படைக்கப்பட்டதுபோல எங்கள் ஊரில் பெட்ரோல் வரிசை வந்து சேர்ந்தது. க்யிம்யிண்டைங் பங்க்கில் காலையில் போய் நின்றால், நாலு மணி நேரம் கழித்துக் குழாய் கண்ணில் படும். பங்க்கில் பெட்ரோல் இருக்குமா என்பது வேறு விஷயம்.

மற்றவர்கள் வரிசையில் நின்று நாட்டைத் திட்டினார்கள். அதுவும் மெதுவாக, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு. ஊ நேவி பொத்தானை அமுக்கினார். முதலில் முன்னால் நிற்கிற டாக்சிக்காரர் வந்து ஏறினார். அப்புறம் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற அம்மா, கூடையோடு. குரல்காரி சொல்வதை மொழிபெயர்க்க முன்சீட்டில் நான். ஊ நேவி எல்லாரையும் பெல்ட் போடச் சொல்லுவார். மலை தொடங்கியதும் கண்ணாடியை இறக்கச் சொல்லுவார். வெளியே ஏப்ரல் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்கும்.

"காத்த அனுபவிங்க. பைன் மரக் காத்து."

"பக்கத்து பஸ்சோட பொகை மாமா" என்றேன்.

"நீ கீழ எறங்கு."

மொஹிங்கா அம்மாவுக்கு நாலாவது சுரங்கத்துக்கு முந்தின கொண்டை ஊசி வளைவுகளில் நிஜமாகவே தலை சுற்றும். கார் ஓர் அங்குலம் நகராமல் நிற்கும்; அவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி, "மெதுவா ஓட்டச் சொல்லு அவள" என்று கெஞ்சுவார்.

திரையில் வருகிற குறிகளுக்கெல்லாம் ஊ நேவியே அர்த்தம் சொல்லுவார். ஜப்பானில் புத்தர் கோயிலைக் காட்டும் ஸ்வஸ்திக் குறி வந்தால், "நம்ம கோயில்! இந்தப் பக்கம் நம்மாளுங்க இருந்திருக்காங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுவார். கிண்ணத்திலிருந்து ஆவி பறக்கிற குறி வந்தால் டீக்கடை. வழியில் அது ஒன்பது இடத்தில் வந்தது. ஒன்பதிலும் வண்டியை நிறுத்தி, ஆளுக்கொரு லபெயே, அதாவது பால் டீ, குடித்ததாகக் கணக்கு.

எல்லாம் ஏழாவது சுரங்கம் வரைதான். பெட்டிக்குள் இருக்கிற குறுந்தட்டில் ஒரு கீறல். அம்பு ஏழாவது சுரங்கத்துக்குள் நுழைந்ததும் குரல்காரி பாதிச் சொல்லில் நிற்பாள். திரை கறுத்துவிடும். மறுபடி வெளிச்சம் வரும்போது அம்பு பழைய சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்கும். சுரங்கத்துக்கு அந்தப் பக்கத்தை ஊ நேவி ஒரு நாளும் பார்த்ததில்லை. புதுத் திரை மாட்டித் தருகிறேன் என்று மெக்கானிக் எத்தனையோ முறை சொன்னான். "ஊருக்குப் போய்ச் சேந்தப்பறம் மாத்திக்கலாம்" என்பதே அவர் பதில்.

கோயிலில் வண்டிக்கு அர்ச்சனை செய்யப் போன ஊ நேவியிடம் குருக்கள் யார் பெயருக்கு என்று கேட்டார். வண்டி பெயருக்கு என்றார். குருக்கள் பேச்சுக்கு, "எந்த ஊரு வண்டி?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"கயானோ."

"அது எந்த ஜில்லா?"

"ஏழாவது சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் சாமி."

தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது. மேடை போட்டு நடித்துக் காட்டியவள் நான். குரல்காரியாகவும் நானே, ஊ நேவியாகவும் நானே. ஒருமுறை அவரே கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அஞ்சாவது சுரங்கத்த விட்டுட்ட" என்று திருத்திவிட்டுப் போனார்.

அப்புறம் சிரிக்க ஆள் குறைந்தது. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள் என்றானதும், எங்கள் ஊரில் இளமையாக இருப்பதே ஒரு குற்றமாகிவிட்டது. மாடிக்கு மாடி பிள்ளைகள் கிளம்பினார்கள். மலேசியா, தாய்லாந்து, முக்கியமாக ஜப்பான். ஜப்பான் போகிறவர்களை ஊ நேவி ஏர்போர்ட்டுக்கு இலவசமாகக் கொண்டுபோய் விட்டார். கூலியாக ஒரே ஒரு வாக்கு. கயானோவுக்குப் போக வேண்டும். ஏழாவது சுரங்கத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவரிடம் சொல்ல வேண்டும். தன் கையால் தமிழில் எழுதிய வழிச்சீட்டையும் தருவார்.

எங்கள் தெருவிலிருந்து பதினொரு பேர் போனோம். பதினொரு பேரும் தலையை ஆட்டினோம். ஒருவர்கூடப் போகவில்லை.

நான் பதினோராவது ஆள். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் எட்டுப் பேரைக் குளிப்பாட்ட வேண்டும், எட்டுப் பேருக்கு ஊட்ட வேண்டும். நான் இருந்த ஊரிலிருந்து கயானோ இரண்டு மணி நேரம்தான். இரண்டு வருஷம் போகவில்லை. லீவு நாளில் தூங்கினேன், இல்லையென்றால் அழுதேன். அவர் ஞாயிறுதோறும் பேசுவார். முதல் சில மாதங்கள், "போனியா?" என்று கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்திக்கொண்டாயா என்று மட்டும் கேட்டார். அவர் கேட்காமல் விட்டதுதான் என்னைச் சுட்டது.

போன இலையுதிர் காலத்தில், கூட வேலை செய்கிற நேபாளத்துப் பெண் மாயா வாடகைக்குக் கார் எடுத்தாள். நான் வழிச்சீட்டை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது சுரங்கத்தில் எங்கள் வழி அவருடைய வழியோடு சேர்ந்தது. 'இடது பக்கம் நீலமாக ஒன்று வரும், ஆறோ ஏரியோ தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். அணைக்கட்டு. மலை முழுவதும் சிவந்து பழுத்து, அப்படியே தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. கொண்டை ஊசி வளைவுகளில், கையில் எலுமிச்சம்பழம் இல்லையே என்று நினைத்தேன். வளைவுக்கு வளைவு தேவதாரு மரங்கள் இருட்டாக நெருங்கி வந்து விலகின. அறுத்த வயல்களில் நெற்கட்டுகளை மூங்கில் கழிகளில் காயப்போட்டிருந்தார்கள். ஒரு திருப்பம்கூடத் தப்பில்லை. நகராத காரில் உட்கார்ந்து அந்த மனிதர் இந்த மலையைக் கரைத்துக் குடித்திருந்தார்.

டீக்கடைகள் மட்டும் டீக்கடைகள் இல்லை. ஆவி பறக்கிற குறி வெந்நீர் ஊற்றாம். முதல் கடையில் லபெயே குடிக்க இறங்கி உள்ளே போனேன். வெந்நீர்த் தொட்டியில் ஏழெட்டுப் பாட்டிமார் பிறந்த மேனிக்கு உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னார்கள்.

ஏழாவது சுரங்கம். உள்ளே போகும்போது வழிச்சீட்டை மடித்து வைத்தேன். வெளியே வந்தோம்.

வரிசை. கண்ணுக்கு எட்டின வரை கார்களும் சுற்றுலா பஸ்களும். கிராமத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்று பலகை வைத்திருந்தார்கள். பதினொரு பேர் வாக்குக்கும், ஒரு மனிதரின் இத்தனை வருஷத்துக்கும் இதுதானா என்று ஆத்திரம் வந்தது. அவரைக் கூப்பிட்டேன். வீடியோவில் அவர் முகம். பின்னால் க்யிம்யிண்டைங் பங்க்.

"மாமா, ஏழாவது தாண்டிட்டேன்."

போனைத் திருப்பிக் காட்டினேன்.

"என்னதும்மா அது?"

"வரிசை மாமா. ரெண்டு மணி நேரமாம்."

"இஞ்சின அணைக்கச் சொல்லு. பெட்ரோல் வீணாப் போகுது."

மாயா அணைத்தாள். அவர் தன் போனைப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்தார். அங்கே அவர் வண்டி நாலு அடி நகர்ந்தது, இங்கே எங்கள் வண்டி நாலு அடி நகர்ந்தது. டீக்கடைகளைப் பற்றிச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். மொஹிங்கா அம்மாவைக் கூப்பிட்டு, "ஒம்போது எடத்துல உன்னையக் குளிக்க வச்சிருக்கேன்" என்றார்.

கடைசியில் கூரைகள் தெரிந்தன. செங்குத்தாக, கனத்து, பனி வழுக்குவதற்காக அப்படிக் கட்டியதாம். எங்கள் வாடகைக் காரின் குரல்காரி, வந்து சேர்ந்துவிட்டோம், களைத்துப்போயிருப்பீர்கள் என்றாள். அவருடைய குரல்காரி ஒருநாளும் சொல்லாத வாக்கியம்.

"என்ன சொல்றா?"

சொன்னேன். ஊ நேவி பெட்டியின் தலையில் மெல்லத் தட்டினார். "சேந்துட்ட, போ" என்றார்.

"இப்ப புதுத் திரை மாத்திடுவீங்களா மாமா?"

"மாத்தறதா? பாதி வேலதான் ஆயிருக்கு. போற வழிதான் இதுல இருக்கு. நீங்க பதினொரு பேரும் திரும்பி வர்ற வழி இல்ல. அத எழுதி அனுப்பு."

நெட்வொர்க் போய்விட்டதுபோல போனை அணைத்தேன்.

அந்த வழி எனக்குத் தெரியாது, மாமா. எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒரு தாளை எடுத்து வைத்திருக்கிறேன். கடைசி வரியை மட்டும் எழுதிவிட்டேன்: ஏர்போர்ட் வாசலில் உங்கள் வண்டி நிற்க வேண்டும், முன்சீட்டு எனக்கு.