சலவைக்கூடம் உட்கார்ந்த நாள்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால் மட்டும் வழக்கம்போல் தனிக்கட்சி. அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே? உங்கள் மூக்குக்கண்ணாடி கிடைத்ததா? கிடைக்காவிட்டால் அக்காவிடம் கொடுத்து இந்தக் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நாலு பேர் காதில் விழட்டும். விஷயம் அப்படி.

போன முறை வந்திருந்தபோது நீங்களும் உங்கள் தங்கையும் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? மரியாதையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பால்காரன் பால் ஊற்றுவானா என்று நீங்கள் கேட்டீர்கள். காசை மூஞ்சியில் விட்டெறிந்தால் மட்டும் இனிக்குமா என்று அவள் கேட்டாள். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினேன். எனக்கு முதுகெலும்பே இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். மச்சான், கடைசியில் என் தலையாட்டல்தான் ஜெயித்தது.

நானும் உங்கள் தங்கையும் வேலை பார்க்கும் ஓட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருப்பது உங்களுக்குத் தெரியும். மேல்மாடி விருந்தாளிகள் உருண்டு புரண்ட விரிப்பெல்லாம் சுவரிலுள்ள பெரிய குழாய் வழியாக நேரே எங்கள் தலையில்தான் விழும். மானேஜருக்கு எங்களில் யார் பெயரும் தெரியாது, "ஏய் லாண்டரி" என்பார், யார் திரும்புகிறாரோ அவருக்கு வேலை. சம்பளத்தை உயர்த்தச் சொல்லி எல்லோருமாகப் போய்க் கேட்டோம். காசு வரும் போகும், கௌரவம்தான் நிலைக்கும் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பேட்ஜ் செய்து சட்டையில் குத்திவிட்டார். அதில் 'துணி நல நிபுணர்' என்று போட்டிருந்தது. லிஃப்ட் பக்கத்தில் எங்கள் போட்டோவையும் மாட்டினார்கள். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. விரிப்பு மடிப்பதிலேயே தலை நரைத்ததால் நாங்கள் 'மடிப்பு' என்று கூப்பிடும் பெரியவர், போட்டோவுக்குக் கீழே தன் பெயருக்கு முன்னால் 'திரு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அழுதேவிட்டார். மாதக் கடைசியில் வந்ததோ அதே சம்பளம். திருவாளர் மடிப்பு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் பேட்ஜைக் குத்திக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். மானேஜரும், "ஏய் நிபுணர்!" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அத்தோடு விட்டாரா? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிற மாதிரி 'நிபுணர் தினம்' என்று ஒன்று கொண்டாடினார். பெரிய ஹாலில், நாங்களே துவைத்த வெள்ளை உறை போட்ட நாற்காலிகளில் எங்களை உட்கார வைத்து, விருந்தாளிகளையும் கூட்டிவைத்து, இன்று ஒரு நாள் முழுக்க நீங்கள் உட்காருங்கள், உங்கள் வேலையை நாங்கள் செய்கிறோம் என்று மைக்கில் முழங்கினார். கைதட்டல் கூரையைத் தொட்டது. அவரும் கணக்கரும் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு தலையணை உறையைப் பிடித்தபடி போட்டோவுக்கு நின்றார்கள். போட்டோக்காரர் போனதும் ஏப்ரனை அவிழ்த்துவிட்டு, சரி சரி, கீழே போய் வேலையைப் பாருங்கள் என்றார். நாங்கள் பாதி எழுந்துவிட்டோம், மச்சான். உங்கள் தங்கை எழுந்திருக்கவில்லை.

"சார், ஒரு நாள் முழுக்கன்னு மைக்ல சொன்னீங்க. நாள் இன்னும் முடியலையே."

பாதி எழுந்தவர்கள் எல்லோரும் திரும்ப உட்கார்ந்தோம். என் முழங்காலுக்கு யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. விருந்தாளிகள் இன்னொரு தடவை கை தட்டினார்கள். அவர்கள் எதிரில் கத்த முடியாமல் மானேஜர் கணக்கரை இழுத்துக்கொண்டு கீழே போனார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! சிவப்புத் திரைச்சீலையைத் துண்டுகளோடு சேர்த்து மிஷினில் போட்டுவிட்டார்கள், ஓட்டலிலுள்ள வெள்ளைத் துண்டெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்கப்போய் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வந்தார். குழாய் வழியாக ஒரு மூட்டை விழுந்து மானேஜரை மூடியிருந்தது. மானேஜர் எங்கே என்று அம்மா அந்தக் குவியலையே கேட்டாராம்.

அம்மா நேரே ஹாலுக்கு வந்தார். அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது: சம்பளமெல்லாம் வேண்டாம், மரியாதை போதும் என்று நாங்களே சொன்னதாக மானேஜர் அவரிடம் சொல்லியிருக்கிறார்! இப்போது விட்டால் அந்தப் பொய்யே நிலைத்துவிடும், இனி ஜென்மத்துக்கும் பேட்ஜ்தான். உங்கள் தங்கை உட்கார்ந்தபடியே சொன்னாள்:

"போட்டோவை எடுக்கச் சொல்லலைம்மா. அது இருக்கட்டும். கூடவே சம்பளமும் வரணும். ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கோன்னு சொல்ல நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா?"

அம்மா அவளைப் பார்த்தார். பிறகு கீழேயிருந்து கையோடு கொண்டுவந்த ரோஜாத் துண்டைப் பார்த்தார். அங்கேயே சம்பள உயர்வைச் சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மச்சான், வெட்கமில்லாமல் அழுதேன். மறுநாள் மானேஜர் மடிப்பைப் பார்த்து "வாங்க" என்றார். யாரைச் சொல்கிறார் என்று மடிப்பு பின்னால் திரும்பிப் பார்த்தார். இப்போது அவர் பஸ்ஸில்தான் போகிறார், ஜன்னலோரம்.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. உங்கள் தங்கைக்கு மரியாதை தருவதில் நான் என்றைக்காவது குறை வைத்திருக்கிறேனா? உன் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்று சொல்லாமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வருகிறவர்கள் எதிரிலெல்லாம் 'எங்கள் வீட்டு மகாராணி' என்றுதான் சொல்வேன், நீங்களே சாட்சி.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல பேரோடும் நிறைந்த பையோடும் நீடூழி வாழட்டும்.

வெற்றிக் களிப்பில்,
உங்கள் மாப்பிள்ளை,
துணி நல நிபுணர் (சம்பள உயர்வுடன்)

பி.கு.: அக்கா படித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து இங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தேடி நீங்களே படியுங்கள். பெருமை பொறுக்காமல் கடிதத்தை உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். 'மகாராணி' வந்ததும், ஜன்னலோரமிருந்த என் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பசிக்கிறதே என்றேன். "மகாராணின்னு போர்டு மாட்டிட்டீங்க, சந்தோஷம். அது இருக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே வேலை முடிச்சு ஒண்ணாத்தான் வர்றோம். அடுப்புல, பாத்திரத்துல உங்க பங்கு எங்க?" என்றாள். ஹாலில் உட்கார்ந்தாளே, அதே உட்காரல். பதில் சொல்லலாமென்றால் அவள் கட்சிக்கான வாதத்தையெல்லாம் நானே மேலே பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறேன். இதை எழுதும்போது இடது கையில் சோப்பு நுரை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டேன். "தேடுங்க" என்கிறாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, மச்சான்.