ரசமட்டம் அண்ணாச்சியின் வீட்டு ரிப்போர்ட்

நவம்பர் 16, ஞாயிறு. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். டூட்டிச் சட்டை இரண்டையும் துவைத்துப் போட்டேன். காலையில் ரொட்டியும் பருப்பும். பத்து இருபதுக்கு ரசமட்டம் அண்ணாச்சியின் போனுக்கு அந்த ரிப்போர்ட் வந்தது.

கோணலைக் கண்டால் இவரைப்போல் கொதிக்கிறவர் இந்த அரபு நாட்டு ராஸ் அல் கைமாவிலேயே கிடையாது. எங்கள் டைல்ஸ் கம்பெனியில் அவர் மேஸ்திரி, நான் ஸ்டோர் கீப்பர். இடுப்பில் ரசமட்டம் இல்லாமல் சாப்பிடக்கூட வரமாட்டார். மெஸ் மேசைமேல் அதை வைத்து மட்டம் பார்த்து, குமிழி நடுவில் நின்றால்தான் தட்டை வைப்பார். ஒருமுறை எங்களோடு ரூமில் இருக்கும் செல்வத்தின் கட்டிலை நேராக்கப் போய், தூங்கிக்கொண்டிருந்த ஆளோடு கவிழ்த்துவிட்டார்.

திருச்செந்தூர் பக்கத்தில் அவருக்கு ஒரு வீடு. பதினொரு லீவில் தன் கையாலேயே கட்டியது. மனைவி போன மாசியில் இறந்தபின் பூட்டிக் கிடக்கிறது. விலைக்கு வாங்க வந்தவர், வீட்டைச் சோதிக்க இன்ஜினீயரை அனுப்பினார். உறுதியாக இருந்தால் குடியிருப்பாராம். இல்லையென்றால் இடித்துவிட்டு மனையை மட்டும் எடுத்துக்கொள்வாராம். இடிப்பது என்ற பேச்சைக் கேட்டதிலிருந்து அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்ததால் நான் வாசித்துச் சொன்னேன்.

"ஹால் தரை ஒன்றரை அங்குலம் சரிவு."

"மறுநாளு பிளைட்டு வே. பொட்டி கட்டிக்கிட்டே பூசுனேன்."

செல்வம் எழுந்து உட்கார்ந்தான். "என் கட்டிலக் கவுத்த மனுசன் வீட்டுல தரையே சாஞ்சிருக்கா?"

"போலே. ஒன் கட்டிலு இன்னும் கோணலாத்தான் கெடக்கு."

"மாடிப்படி ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம்."

"மூணு லீவுல கட்டுனதுல்லா. முட்டிவலி கூடக்கூட படி ஒசரம் குறைஞ்சிட்டு."

"குளியலறைக் கதவைத் திறந்தால் சமையலறைக் கதவு திறக்காது."

"இருக்கது ரெண்டே பேரு. ரெண்டு கதவும் ஒரே நேரத்துல எதுக்குத் தொறக்கணும்?"

செல்வம் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

இருபத்தாறு குறைகள். கடைசிப் பக்கம் மேல்தளம். "விரிசல் எங்கும் இல்லை. கான்கிரீட் மிக உறுதி. வீடு குடியிருக்கத் தகுந்தது."

துள்ளுவார் என்று பார்த்தேன். "இன்னொருக்கா வாசியும்" என்றார். வாசித்தேன்.

"கான்கிரீட்டு போட்ட மூணாம் நாளு நான் பிளைட்டு ஏறிட்டேன். இருபத்தோரு நாளு தண்ணி ஊத்தணும்லா, இல்லன்னா வெடிச்சிரும். அப்ப மோட்டாரும் கெடையாது, படியும் கெடையாது. அவதான் கொடத்தோட ஏணியில ஏறி ஊத்துனா. நான் இங்கன இருந்துக்கிட்டு, ஊத்துனியா ஊத்துனியான்னு போன்ல கத்துவேன். சாப்ட்டியான்னு ஒரு நாளு கேக்கல வே."

போனை எட்டிப் பார்த்து, "கட்டுனது யாருன்னு போட்டிருக்கான்?" என்றார்.

"உரிமையாளர்னு இருக்கு அண்ணாச்சி."

இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

மாலையில் வாங்குகிறவர் கூப்பிட்டார். இடிக்கப் போவதில்லை, தை மாதம் குடிவருகிறோம் என்றார். பத்திரப் பதிவுக்கு மூன்று நாள் லீவு போதும் என்று அண்ணாச்சி என்னிடம் சொல்லிவிட்டுப் படுத்தார்.

நவம்பர் 17, திங்கள். தை வரை அவர் அந்த வீட்டில் இருக்கலாமே என்று, டீ போடும் முன்பே அவருடைய லீவு பாரத்தை நானே எடுத்து எழுதினேன். காரணம்: வீட்டு வேலை. நாட்கள்: முப்பது.